ஒன்பது ரூபாய் பாக்கி

நண்பர்களே, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கதை, கட்டுரை எழுதுகிற ஆள் இல்லை. லேப் ரெக்கார்டையே பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுகிறவன். மலர்க் குழுவில் இருக்கும் சீனியர் அண்ணன் ஒருவர், "நீதானடா கன்னியாகுமரிக்கு சைக்கிள்ல போனவன், அத எழுதிக் குடு" என்று மூன்று நாளாக கேண்டீனில் வைத்து மடக்கியதால் எழுதுகிறேன். "சைக்கிள்ல போனவன்" என்று அவர் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அது கடைசியில் வரும்.

2025 ஜூன் மாதம், காலேஜ் திறந்த புதிதில், நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஆகஸ்ட் 15, 16 இரண்டு நாளும் மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்கு சைக்கிள் பயணம். வசூலாகும் பணம் செயற்கைக் கால் முகாமுக்கு. கலந்துகொள்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை தருவார்கள். தெரிந்தவர்களிடம் போய், கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, அவர்களால் முடிந்ததை அட்டையில் எழுதி வாங்க வேண்டும். நாகர்கோவில் வழியாகச் சுற்றிப் போவதால் ரவுண்டாக 250 கிலோமீட்டர். ஓட்டிய கிலோமீட்டருக்குத்தான் காசு.

எங்கள் கிளாஸில் பாதிப் பேர் அதைப் படித்துவிட்டு, "பஸ்ல போனாலே இடுப்பு போயிரும்டா" என்று நகர்ந்துவிட்டார்கள். நான் பெயர் கொடுத்தேன். சைக்கிள் ஓட்டத்தில் நான் புலி என்பதால் இல்லை. அதுவரை ஒரே மூச்சில் நான் ஓட்டிய அதிகபட்ச தூரம் வீட்டிலிருந்து ரேஷன் கடை. காரணம், மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருமங்கலத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் லாரியில் கிளீனர். 2009-இல் ஒரு ராத்திரி, ரோட்டோரம் லாரியை நிறுத்தி டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் இன்னொரு வண்டி வந்து இடித்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. எனக்கு அப்போது இரண்டு வயசு. மாமாவை இரண்டு காலோடு பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

இப்போது அவர் மாட்டியிருப்பது ஜெய்ப்பூர் கால். அதை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் அதை வாங்க மாமாவுக்கு மூன்று வருஷம் ஆனது. முகாம் நடந்தது வேறு ஊரில். கூட ஒரு ஆள் போக வேண்டும். அளவு எடுக்க ஒரு நாள், மாட்டி நடந்து பார்க்க ஒரு நாள், எங்காவது இடித்தால் சரிபண்ண இன்னொரு நாள். இரண்டு பேருக்கு பஸ், சாப்பாடு, தங்கல். கூடப் போகிறவருக்கு மூன்று நாள் கூலி நஷ்டம். இப்படியே இரண்டு முகாம்கள் வந்து, போயே போய்விட்டன. "காலு ஓசிடா மாப்ள, போறதுக்குத்தேன் காசில்ல" என்று மாமா இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்த நோட்டீஸின் மூன்றாவது வரியில், வசூலாகும் பணம் முகாமுக்கு வருகிறவர்களின் பஸ் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் என்று போட்டிருந்தது. அந்த வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஜெய்ப்பூர் காலைப் பற்றி நம்ம மெக்கானிக்கல்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களின் கடைசியில் டாக்டர் பி.கே. சேத்தியும், ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது அது. சர்மா பெரிய படிப்பு படித்தவர் இல்லை. அதுவரை வந்த செயற்கைக் கால்கள் ஷூ போட்டு நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கானவை. நம்ம ஆட்கள் தரையில் குந்த வேண்டும், வெறுங்காலோடு நடக்க வேண்டும், வயலில் இறங்க வேண்டும். அதற்கு ரப்பர் பாதம்தான் சரிப்பட்டது. சர்மாவின் சைக்கிள் ஒரு நாள் பஞ்சராகி, ஒட்டப் போன இடத்தில் லாரி டயருக்கு ரப்பர் வைத்து வேகவைப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்லுவார்கள். சேத்திக்கு 1981-இல் மகசேசே விருது கிடைத்தது. இப்போது பாதத்துக்கு மேல் உள்ள பகுதியை ஹெச்.டி.பி.இ. பைப்பில் செய்கிறார்கள். தண்ணீர் லைனுக்குப் போடுகிறோமே, அந்த ரகம்தான். பஞ்சர் கதையை மாமாவிடம் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "அப்ப பஞ்சர் கடையில பொறந்த காலு, சுத்திச் சுத்தி பஞ்சர் கடைக்கே வந்துருச்சுன்னு சொல்லு" என்றார்.

சைக்கிளுக்கு வருகிறேன். தாத்தாவின் கறுப்பு சைக்கிள் வீட்டுப் பின்பக்கம் கோழிக்கூட்டுக்கு முட்டாக நின்றுகொண்டிருந்தது. மாமா அதை ஓவராயில் பண்ணினார். பால்ரஸ் குண்டு மாற்றி, பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, நான்கு போக்ஸ் கம்பி புதுசாகப் போட்டு, கேரியரையும் செயின் கார்டையும் கழற்றி வீசினார். "இதுல எதுக்கு மாமா, கியர் சைக்கிள் யார்ட்டயாச்சும் எரவல் கேக்குறேன்" என்றேன். "எரவல் சைக்கிள்ல பழகுனா எரவல் காலுதேன் வரும்" என்றார். எரவல் காலில் நிற்கிற மனுஷன் அப்படிச் சொன்னால் மேலே என்ன பேசுவது?

அந்த சைக்கிளில் செயின் வீலுக்கு 44 பல், பின்னால் ஃப்ரீவீலுக்கு 18 பல். வெலாசிட்டி ரேஷியோ 2.44. 28 இன்ச் டயரின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். பெடல் ஒரு முழுச் சுற்று வந்தால் வண்டி கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19.6 கிலோமீட்டர். இதையெல்லாம் நான் கடையின் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். மாமா பார்த்துவிட்டு, "கணக்கு சரி. காத்து எங்க?" என்று கேட்டுவிட்டு ஃப்ரீவீலைக் கழற்றி 20 பல் உள்ளதைப் போட்டார். வேகம் 17.7-க்கு இறங்கியது. ஆனால் முழங்காலுக்குப் பாரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அதன் அருமை எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

முதல் நாள் பயிற்சியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காலை ஐந்தரைக்குக் கிளம்பி கள்ளிக்குடி வரை காற்றாய்ப் பறந்தேன். சுமார் 16 கிலோமீட்டர். திரும்பும்போது சைக்கிளை விட நான்தான் அதிகமாகக் கிறீச்சிட்டேன். அன்றைக்கு ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்து நின்றபோது தொடை இரண்டும் தந்தி அடித்தது. இன்ஸ்ட்ரக்டர் "என்னப்பா, மிஷின் வைப்ரேஷனா?" என்றார்.

சாயங்காலம் மாமா என்னை சைக்கிளில் ஏற்றி, தான் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பெடலில் வைக்கச் சொன்னார். பெடல் கீழே வரும்போது கால் நேராக நீள வேண்டுமாம். என் முழங்கால் மடங்கியே இருந்தது. சீட்டை இரண்டு விரற்கடை ஏற்றினார். அவ்வளவுதான் வைத்தியம். மறுநாள் முழங்கால் வலி பாதி போய்விட்டது. இத்தனை வருஷமாக நான் சைக்கிள் ஓட்டவில்லை, சைக்கிளில் குந்தியிருந்தேன்!

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட ஓட்டம். மற்ற நாட்களில் 20 கிலோமீட்டர் போதும், அதுவும் பேசிக்கொண்டே ஓட்டுகிற வேகத்தில். பக்கத்தில் வருகிறவனோடு பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பக்கத்தில் யார்? மாமாதான். அவர் தன் சைக்கிளின் வலது பெடலில் பழைய டியூபை வெட்டி வார் மாதிரி மாட்டியிருக்கிறார். ரப்பர் பாதம் நழுவாமல் இருக்க அது. இடது கால் அழுத்தும், வலது கால் கூடவே சுற்றி வரும். ஐந்து கிலோமீட்டர் வரை வருவார், அப்புறம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு "போயிட்டு வா" என்பார். நான் திரும்பி வரும்வரை அங்கேயே இருப்பார்.

லாரியில் இருந்தவர் என்பதால் ரோட்டைப் பற்றி அவர் சொன்னது எல்லாம் அனுபவம். அதில் ஒன்றை இதைப் படிக்கிற எல்லாரும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிள்காரர்கள் மட்டுமில்லை, பைக்கில் வருகிறவர்களும்தான். "லாரிக்குப் பக்கத்துல போறப்ப அவன் கண்ணாடியப் பாரு. டிரைவர் மூஞ்சி உனக்குத் தெரியலேன்னா, உன் மூஞ்சி அவனுக்குத் தெரியல. அவனப் பொறுத்தவரை நீ அங்க இல்லவே இல்ல."

மூன்றாவது ஞாயிறு விருதுநகர் போய்த் திரும்பினேன். சுமார் 55 கிலோமீட்டர். போகும்போது ராஜா மாதிரி போனேன். வரும்போது கள்ளிக்குடிக்கு முன்னால் திடீரென்று கை நடுங்கியது, கண் மங்கியது, எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். காரணம் எளிது. காலையில் ஒன்றுமே சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன். நம் தசையும் ஈரலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரைச் சத்து கடுமையான உழைப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பசிக்கும் வரை, தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அந்த வழியாகப் போன ஒரு பாட்டி தூக்குவாளியில் இருந்த கம்பங்கூழைக் கொடுத்தார். என்ன ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அன்றிலிருந்து பையில் இரண்டு வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்புப் போட்ட மோர் இல்லாமல் கிளம்பியதில்லை.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு அன்று சாத்தூர் வரை போய் வந்தேன். நூறு தாண்டிய முதல் நாள். வீட்டில் சித்ரான்னம் ஐந்து வகை. நான் எத்தனை தட்டு என்பது நமக்குள் இருக்கட்டும்.

இதற்கிடையில் அட்டையும் நிரம்பியது. பதினான்கு பேர். எங்கள் ஹெச்.ஓ.டி. கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். கேண்டீன்காரர் இரண்டு ரூபாய். எங்கள் தெரு டெய்லர் தாத்தா ஒரு ரூபாய், அதுவும் "முழுசாப் போனாத்தான்" என்ற மிரட்டலோடு. மாமாவும் ஒரு ரூபாய் எழுதினார். எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 22 ரூபாய். 250 கிலோமீட்டருக்கு 5,500.

மாமாவுக்கு ஒரே ஒரு குறை. "ஆடி மாசத்துல எவன்டா சைக்கிள்ல தெக்க போவான்? நாள் குறிச்சவன் காத்த விசாரிச்சானா?" ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று இடைவெளிகள் இருக்கின்றன. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல்கள் வழியாகத்தான் நம் பக்கம் பாய்கிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் காடு மாதிரி நிற்பது அதனால்தான். காற்றாலைக்கு எது நல்ல இடமோ, அது சைக்கிளுக்கு ஆகாத இடம்.

ஆகஸ்ட் 15. விடியற்காலை ஐந்து மணிக்கு மதுரையில் கொடியசைத்தார்கள். முப்பது பேருக்கு மேல் இருந்தோம். கறுப்பு சைக்கிள் என்னுடையது ஒன்றுதான். "தம்பி பால் ஊத்த வந்துருக்காப்ல" என்று ஒரு குரல் வந்தது. சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது. அந்தச் சுருக்கு மறுநாள் செய்த வேலையைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக நடந்தது. வரிசையாக ஒருவர் பின் ஒருவராகப் போனோம். முன்னே போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றை அவர் கிழித்துக் கொடுப்பார், நமக்கு உழைப்பு மிச்சம். கொஞ்ச நேரம் கழித்து அவர் ஒதுங்கிப் பின்னால் வருவார், அடுத்தவர் முன்னே போவார். விருதுநகர் தாண்டும்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்கும் கிடைத்தது. கோவில்பட்டியில் நிறுத்தி கடலை மிட்டாய் வாங்கினோம். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய், சும்மா இல்லை. கயத்தாறில் காற்று வலது பக்கமிருந்து தள்ளியது. சமாளித்தோம். சாயங்காலம் திருநெல்வேலி. ஒரு கல்யாண மண்டபத்தில் படுக்கை. அல்வா வாங்கப் போகத் தெம்பில்லாமல் தூங்கிய ஒரே மதுரை ஜில்லாக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டாம் நாள் நாங்குநேரி, வள்ளியூர் வரை நான் ஒழுங்காகப் பின்னால்தான் வந்தேன். பணகுடி தாண்டியதும், முன்னால் போன கியர் சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "பால்காரரே, நீங்களும் கொஞ்சம் முன்னாடி வாங்களேன்" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு நேற்றைய சுருக்கு கிளம்பிவிட்டது. முன்னால் போனேன். பத்து நிமிஷத்தில் ஒதுங்க வேண்டியவன், ஒதுங்கவில்லை. காவல்கிணறு வரை நானே இழுத்தேன். பின்னாலிருந்து "போதும் தம்பி, மாறிக்கோங்க" என்று கத்தினார்கள். காதில் விழாத மாதிரி மிதித்தேன்.

காவல்கிணற்றில் ரோடு ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் திரும்பியது. நண்பர்களே, அதைக் காற்று என்று சொல்லக்கூடாது. சுவர். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறோம், எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. நம் மேல் மோதுவது 43. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மனப்பாடம் பண்ணினோமே! 43-க்கு வர்க்கம், 18-க்கு வர்க்கம், வகுத்தால் 5.7. காற்றில்லாத ரோட்டில் இருப்பதைப்போல ஐந்தே முக்கால் மடங்கு. மாமா கரும்பலகையைப் பார்த்துக் கேட்ட "காத்து எங்க?"வுக்கு விடை முப்பந்தலில் கிடைத்தது. தெம்பெல்லாம் பணகுடி ரோட்டில் வீராப்புக்குச் செலவாகிவிட்டது. வரிசை என்னைத் தாண்டிப் போனது. கடைசி ஆளின் பின் சக்கரத்தைப் பிடிக்கப் பார்த்தேன். பத்தடி, இருபதடி, ஐம்பதடி என்று விலகியது.

அப்புறம் ஒரு லாரி கடந்துபோனது. லாரி மறைத்திருந்த காற்று ஒரேயடியாக வந்து அறைந்ததில் சைக்கிளோடு ரோட்டுக்கு வெளியே மண்ணில் சரிந்தேன். அடியில்லை, முழங்கை சிராய்ப்புதான். எழுந்து ஏறினேன், மறுபடி தள்ளியது. மூன்றாம் தடவை ஏறும்போது பின்னால் வந்த வேன் நின்றது. பொறுப்பாளர் இறங்கி, "ஏறு தம்பி" என்றார். "இல்ல சார், தள்ளிக்கிட்டாச்சும் வர்றேன்" என்றேன். "இது ஹைவே. உன்னை நம்பி அனுப்புன வீட்டுக்கு நான் பதில் சொல்லணும். ஏறு." அவர் சொன்னது நியாயம். ஏறினேன்.

வேனுக்குள் தண்ணீர்க் கேன்களுக்கு நடுவில் என் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியாக வந்த காற்றில் அதன் பின் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் கையால் பிடித்து நிறுத்தினேன். விட்டதும் மறுபடி சுற்றியது.

தோவாளையில் என்னை இறக்கிவிட்டார்கள். பூ மார்க்கெட் வாசனை ரோடு வரைக்கும் வந்தது. வேன் மீட்டர்படி 9 கிலோமீட்டர். இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, அங்கிருந்து நாகர்கோவில், சுசீந்திரம், கன்னியாகுமரி. இந்தத் தடவை யார் முன்னால் கூப்பிட்டாலும் போகவில்லை. "பால்காரரே" என்று கூப்பிட்டவர்தான் கடைசி வரை எனக்கு முன்னால் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். கடலைப் பார்த்ததும் எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், கொஞ்சம் மெதுவாக.

அங்கேயே அட்டையில் தூரம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான் 241 என்று எழுதினேன். மேஜையில் உட்கார்ந்திருந்தவர், "250-ன்னே போடுப்பா, எல்லாருக்கும் அதுதான். நல்ல காரியத்துக்குத்தானே?" என்றார். அப்போது மனசில் ஒரு கணக்கு ஓடியது. 9 கிலோமீட்டர், 22 ரூபாய், மொத்தம் 198. எங்கோ ஒரு ஊரிலிருந்து ஒருத்தர் முகாமுக்கு வந்து திரும்புகிற பஸ் காசு. என் ரோஷத்துக்காக அவர் காசை நான் ஏன் வெட்ட வேண்டும்? உண்மையாகவே எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் ஓரமாக நின்று மாமாவுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பணகுடியில் முன்னால் போனதையும் சொன்னேன்.

மாமா திட்டவில்லை. "கடையில ரெண்டு பஞ்சர் ஒட்டுனா நோட்ல ரெண்டுதேன் எழுதுவேன். நல்ல மனுசன், குடுத்துருவாருன்னு மூணு எழுதுவேனா?" என்றார். பிறகு, "கை காயத்துக்கு மருந்து போட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

241 என்றே கையெழுத்து வாங்கினேன். ஊருக்கு வந்து பதினான்கு பேரிடமும் அட்டையை நீட்டி, வேன் கதையையும் சொல்லிக் காசு கேட்டேன். ஹெச்.ஓ.டி. அட்டையைப் பார்க்காமலே 1,250 கொடுத்தார். "241-தான் சார்" என்றேன். "மீதி அந்தக் காத்துக்கு" என்றார். கேண்டீன்காரர், மற்றவர்கள் எல்லாரும் 250-க்கே கொடுத்தார்கள். டெய்லர் தாத்தா மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை இரண்டு தடவை படித்தார். "முழுசாப் போகலியே" என்றார். தலையைக் குனிந்து நின்றேன். உள்ளே போய் 241 ரூபாய், கடைசி ஒரு ரூபாயை நாணயமாக, எண்ணி என் கையில் வைத்தார். அட்டையை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் வாங்கியபோது மட்டும் எனக்குக் கூச்சமாக இல்லை.

மாமாவும் 241-தான் கொடுத்தார். மிச்சம் ஒன்பது ரூபாயை எடுத்து, பஞ்சர் சொல்யூஷன் வைக்கிற தகர டப்பாவில் தனியாகப் போட்டு மூடினார். "ஓட்டிட்டு வந்து வாங்கிக்க" என்றார். ஆக, 5,500 வர வேண்டிய இடத்தில் நான் கட்டியது 5,482.

அந்த ஒன்பது ரூபாய் இன்னும் அந்த டப்பாவில்தான் இருக்கிறது. வருகிற ஆகஸ்டில் மறுபடி போவதாக இருக்கிறேன். கூட வர நினைக்கிறவர்கள் மெக்கானிக்கல் செகண்ட் இயரில் வந்து என்னைப் பாருங்கள். சைக்கிள் எதுவானாலும் பரவாயில்லை. வரும்போது சீட்டை மட்டும் ஏத்திட்டு வாங்க.